சென்னைச் சுற்றுலா: பார்ப்போம், அளப்போம்



விடுமுறை வந்தால் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். உங்களில் பலர் முதன்முறையாகச் சென்னையைப் பார்க்கப் போகிறீர்கள். எங்கெங்கே போகலாம், என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் ஏராளம். பார்க்கும்போது என்ன செய்யலாம் என்பதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளியிலிருந்து சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். இரண்டு நாட்களில் பதினான்கு இடங்கள். இறங்கினோம், வரிசையில் நடந்தோம், மீண்டும் பேருந்தில் ஏறினோம். ஊர் திரும்பியதும் என் அம்மா, "என்னடா பாத்தே?" என்று கேட்டார். "கடலைப் பாத்தேம்மா. ரொம்பப் பெரிசு" என்றேன். "எவ்வளவு பெரிசு?" என்றார். கடலையே பார்த்திராதவர் அவர். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்தச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணத்தை அவர் எப்படிச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால் விடை சொல்ல முடியாமல் நின்றது இன்றும் உறுத்துகிறது.

"எவ்வளவு?" என்பதே இயற்பியலின் முதல் கேள்வி என்று பின்னாளில் கல்லூரியில் கற்றேன். சென்னையோ அந்தக் கேள்விக்கு மிகவும் பொருத்தமான நகரம். நாட்டின் நீள அகலத்தை அளக்கும் பெரும்பணி தொடங்கியது இங்கேதான். இரயில் வண்டிகளுக்கு நேரம் கணித்துத் தந்ததும் இந்நகரமே. ஒலியின் வேகத்தை அளக்க இங்கே பீரங்கிகள் முழங்கியதும் உண்டு. அந்த இடங்களுக்கு ஒரு நாள் பயணம் போய் வருவோமா?

எடுத்துச் செல்ல வேண்டியவை

வடிவியல் பெட்டியில் இருக்கும் பாகைமானி, ஒரு முழம் நூல், ஓர் இரும்பு நட்டு, அளவுகோல், விநாடி காட்டும் கடிகாரம், குறிப்பேடு, பென்சில். இவை போதும்.

பாகைமானியின் நேர்விளிம்பின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, மறுமுனையில் நட்டைத் தொங்கவிடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போன்றதுதான் இதுவும். நேர்விளிம்பு மேலே இருக்குமாறு பிடித்து, அதன் வழியாக ஒரு கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். விளிம்பு கிடைமட்டமாக இருந்தால் நூல் 90 பாகையில் நிற்கும். உச்சியைப் பார்க்கச் சாய்க்கும்போது நூல் எத்தனை பாகை விலகுகிறதோ, அதுவே ஏற்றக்கோணம். சூரியனை மட்டும் இவ்வாறு பார்க்கவே கூடாது, கண்ணுக்குக் கேடு.

மின்சார இரயிலில் முதல் சோதனை

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் பரங்கிமலைக்குப் போகலாம். மெட்ரோ இரயிலும் உண்டு. இருக்கையில் அமர்ந்து, பாகைமானியின் விளிம்பு வண்டி செல்லும் திசையில் இருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்படும்போது நூல் பின்னோக்கிச் சாயும். சீரான வேகத்தை அடைந்ததும் நேராகத் தொங்கும். நிறுத்தும்போது முன்னோக்கிச் சாயும். நியூட்டனின் முதல் விதியைப் பாடமாக எழுதியிருப்பீர்கள். இப்போது அது உங்கள் கையில் தொங்குகிறது.

சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் பெருக்கினால் வண்டியின் முடுக்கம் கிடைக்கும். நூல் 6 பாகை சாய்ந்தால், டேன்ஜெண்ட் மதிப்பு ஏறத்தாழ 0.105. எனவே முடுக்கம் விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 1 மீட்டர். வாசற்படியில் நின்று இச்சோதனையைச் செய்ய வேண்டாம்.

பரங்கிமலை: ஒரு நாட்டை அளந்த சங்கிலி

மலைமேல் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய தேவாலயம் உள்ளது. படிகளில் ஏறும்போது அவற்றை எண்ணுங்கள். ஒரு படியின் உயரத்தை அளவுகோலால் அளந்து, எண்ணிக்கையால் பெருக்குங்கள். நீங்கள் ஏறிய உயரம் கிடைத்துவிடும். அதை உங்கள் நிறையாலும் 9.8 ஆலும் பெருக்கினால், நீங்கள் செய்த வேலை ஜூல் அலகில் வரும்.

உச்சியில் லாம்டன் என்பவரின் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையின் அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கத்தில் உள்ள குன்று வரை ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அதை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு இதுவே.

ஏன் முக்கோணம்? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களின்மேல் புதிய முக்கோணங்களை அமைக்கலாம். இவ்வாறு காடு, மலை, ஆறுகளைத் தாண்டி, கோணங்களை மட்டுமே அளந்து நாடு முழுவதையும் அளந்துவிடலாம். கோணங்களை அளக்க லாம்டன் பயன்படுத்திய தியோடலைட் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். உங்கள் கையில் உள்ள பாகைமானி அதன் சின்னஞ்சிறு தம்பி!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கோட்டில் பிழை நேர்ந்தால், அதன்மேல் கட்டிய எல்லா முக்கோணங்களிலும் அது தொற்றிக்கொள்ளும். லாம்டனின் அளவுக்கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும் அன்றோ? வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். "இதென்ன பெரிது?" எனலாம். ஏழரை மைலுக்கு அச்சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைக்க வேண்டும். 400 முறையும் அதே பிழை சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர்! ஆகவேதான் அவர் சங்கிலியை முக்காலிகள் தாங்கிய மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு நிழல் தந்து, வெப்பமானி வைத்துப் பார்த்துத் திருத்தம் செய்தார்.

லாம்டன் 1823இல் காலமானார். பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். இந்த அளவையின் முக்கோணங்களே இமயமலை அடிவாரம் வரை சென்றன. உலகின் உயர்ந்த சிகரம் எது என்பதும் 1850-களில் இந்த அளவையின் வழியாகவே தெரியவந்தது.

நுங்கம்பாக்கம்: கருங்கல் தூணும் சென்னை நேரமும்

அடுத்து நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம். இது அரசு அலுவலகம். ஆசிரியர் மூலம் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். வளாகத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1792இல் இங்கே எழுந்த சென்னை வானாய்வகத்தின் தூண் அது.

வானத்தைப் பார்க்க இவ்வளவு கனமான தூண் எதற்கு? ஒரு விண்மீன் நம் தலைக்கு மேலே வடக்குத் தெற்காகச் செல்லும் நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியால் குறிக்க வேண்டும். தொலைநோக்கி சிறிது ஆடினாலும் விநாடிக் கணக்கில் பிழை வரும். எனவே அதை அசையாத கல்லின்மேல் ஏற்றி வைத்தார்கள்.

இங்கே பணிபுரிந்த போக்சன் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டதால் அதற்கு ஆசியா என்றே பெயர். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம் நாட்டவர் 1867இல் இங்கிருந்து ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1899இல் வானாய்வுப் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின.

இந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகை கிழக்கே 80 பாகை 18 நிமிடம் 30 விநாடி என்று அக்காலத்தில் கணித்தார்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிட நேரம் ஆகிறது. பெருக்கிப் பாருங்கள்: 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. கிரீன்விச்சைவிடச் சென்னை அவ்வளவு முந்தியது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. இரண்டுக்கும் நடுவில் இருந்த சென்னை நேரத்தை இரயில்வே தன் பொது நேரமாக வைத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது.

திட்ட நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. எனவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. ஏறத்தாழ 9 நிமிடம் கழித்தே. இதிலும் ஆண்டின் போக்கில் சில நிமிட ஏற்ற இறக்கம் உண்டு. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி அந்த வேறுபாடு மறைந்துவிடும். அந்நாட்களில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்தால் உங்கள் ஊரின் தீர்க்கரேகையை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பீரங்கி முழக்கமும் ஒலியின் வேகமும்

1820, 1821ஆம் ஆண்டுகளில் இதே ஆய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் ஒரு பெரிய சோதனை செய்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். ஆய்வகத்திலிருந்து பார்த்தால் முதலில் வெடியின் ஒளி தெரியும். பிறகுதான் ஓசை கேட்கும். இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரத்தால் குறித்துக்கொண்டார். மலை சுமார் 9 கிலோமீட்டர் தொலைவு, கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 9,000 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 26 விநாடி ஆனால், அதன் வேகம் விநாடிக்கு 346 மீட்டர். ஒளி அந்தத் தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இங்கே கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

பல மாதங்கள் தொடர்ந்து அளந்ததால் அவருக்கு இன்னொன்றும் புலப்பட்டது. குளிர்ந்த மாதங்களில் ஒலியின் வேகம் குறைவு. வெப்பமான மாதங்களில் மிகுதி. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும் என்று இன்று நாம் படிக்கிறோம். நம் ஊர் வெயிலே அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

பீரங்கிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? ஏரியின் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும். கோயில் திருவிழா வாணவேடிக்கையும் உதவும்.

கடற்கரைச் சாலை வழியே

இனிக் கடற்கரைச் சாலையில் கோட்டையிலிருந்து தெற்கே செல்வோம். கோட்டை அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில்தான் 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. தேங்காய் எண்ணெய் விளக்கு! பின்னர் 1844இல் அருகே ஒரு கல்தூண் எழுந்தது. இன்றும் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894இல் விளக்கு நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக்கே ஏறியது. நான்காவது விளக்கம் 1977இல் மெரினாவில் வந்தது. விளக்கை ஏன் இப்படி உயர்த்திக்கொண்டே போனார்கள்? காரணத்தைச் சற்று நேரத்தில் காண்போம்.

வழியில் வலப்புறம் மாநிலக் கல்லூரி. சர் சி. வி. இராமன் 1904இல் பி.ஏ. பட்டமும் 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்ற கல்லூரி இது. பதினெட்டே வயதில், மாணவராக இருந்தபோதே, ஒளியைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. கடல் ஏன் நீலமாக உள்ளது என்ற வினா 1921இல் ஒரு கப்பல் பயணத்தில் அவரை ஆட்கொண்டது. அதுவே 1928இல் இராமன் விளைவுக்கு இட்டுச் சென்றது. விண்மீன்களின் முடிவைக் கணித்த எஸ். சந்திரசேகரும் இங்கே படித்தவரே. இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்னும் தெற்கே வட்ட வடிவில் ஒரு கட்டடம்: ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடருக்காகக் கட்டப்பட்ட பனிக்கட்டிக் கிடங்கு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வந்து இங்கே சேர்ந்தது.

வழியிலேயே உருகிவிடாதா? ஒரு பகுதி உருகியது, பெரும்பகுதி தப்பியது. மூன்று காரணங்கள். ஒன்று, 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. அதே வெப்பம் 1 கிராம் தண்ணீரைச் சுழியிலிருந்து 80 பாகை வரை சூடாக்கிவிடும். இரண்டு, மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மூன்று, குவியலின் பருமன். 10 செ.மீ. பக்கமுள்ள கட்டியோடு 1 மீட்டர் பக்கமுள்ள கட்டியை ஒப்பிடுங்கள். கன அளவு 1,000 மடங்கு. வெப்பம் நுழையும் பரப்போ 100 மடங்குதான். ஆகவே பெரிய கட்டி உருகப் பத்து மடங்கு காலம் பிடிக்கும்.

மெரினா: மணலும் காற்றும்

மெரினாவின் இவ்வளவு அகன்ற மணல்வெளி எப்போதும் இருந்ததன்று. ஒரு காலத்தில் கோட்டை மதில் அருகிலேயே அலைகள் அடித்தன. 1870-களில் துறைமுகத்துக்கான கற்சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். ஆண்டில் பெரும்பகுதி இக்கடற்கரையில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. சுவர் குறுக்கே நின்றதால் தெற்கே மணல் சேர்ந்தது, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரிக்கப்பட்டது. இங்கே சேர்ந்த ஒவ்வொரு பிடி மணலும் அங்கே சேராமல் போனது. இங்கே நாம் விளையாடும் மணலுக்காக, வடக்கே கரையோரக் குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

கோடை நாளில் வந்தால் ஒரு காகிதப் பட்டையைக் குச்சியில் கட்டி ஊன்றுங்கள். காலையில் தரையிலிருந்து வீசும் காற்று, நண்பகலை ஒட்டித் திரும்பிக் கடலிலிருந்து வீசும். மணல் விரைவில் சூடாகிறது. அதன் தன்வெப்பம் தண்ணீருடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சூடான தரையின்மேல் காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. பட்டை திரும்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கரைக்கு வந்த நீர் திரும்பும்போது காலடி மணலையும் ஆளையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்த மாணவர்களும் இங்கே உயிரிழந்திருக்கிறார்கள்.

கடல் எவ்வளவு பெரிது?

கடைசியாகக் கலங்கரை விளக்கம். முதலில் மணலில் நின்று அதன் உயரத்தை அளப்போம். பாகைமானியில் ஏற்றக்கோணம் 45 பாகை வரும் இடம் வரை பின்னால் நகருங்கள். அங்கிருந்து கோபுரத்தின் அடிவரை உள்ள தொலைவோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம். தொலைவை அடியெடுத்து நடந்து அளக்கலாம். விடை 45 மீட்டரை ஒட்டி வந்தால் கோணத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

2013இல் இது பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. செல்லும் முன் பார்வை நாளையும் நேரத்தையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். மேலே நின்று பார்த்தால் கடலும் வானும் சேரும் கோடு எவ்வளவு தொலைவில் உள்ளது?

நம் கண், தொடுவானம், பூமியின் மையம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தின்படி, தொடுவானத் தொலைவின் வர்க்கம் என்பது பூமியின் ஆரத்தை நம் உயரத்தால் பெருக்கி இரட்டிப்பதற்கு ஏறத்தாழச் சமம். ஆரம் 6,400 கிலோமீட்டர். உயரம் 45 மீட்டர், அதாவது 0.045 கிலோமீட்டர். 2 × 6,400 × 0.045 = 576. இதன் வர்க்கமூலம் 24. ஆகவே 24 கிலோமீட்டர்!

கீழே கரையில் நிற்கையில் கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே என்றால், அதே கணக்கில் சுமார் 5 கிலோமீட்டர்தான். கலங்கரை விளக்கங்களை உயர்த்திக்கொண்டே போனதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? கப்பல் கரையைவிட்டு விலகும்போது முதலில் அதன் அடிப்பாகம் மறைவதும், கடைசியில் கொடிமரம் மறைவதும் பூமியின் இதே வளைவினால்தான்.

நேரம் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால் வருந்த வேண்டாம். பதினான்கு இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட நான்கு இடங்களில் நின்று அளப்பது மேல்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர் 77 பாகைத் தீர்க்கரேகையில் இருந்தால், மேலே சொன்ன நான்கு நாட்களில் நிழல் மிகக் குறுகும் நேரம் எது? (விடை: 12 மணி 22 நிமிடம்.)

2. மின்னல் வெட்டி 5 விநாடி கழித்து இடி கேட்டால், இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது?

3. தொடுவானத் தொலைவு இரு மடங்காக வேண்டுமானால், கோபுரத்தின் உயரம் எத்தனை மடங்காக வேண்டும்?

4. உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ இரு வேறு இடங்களில் நின்று அளந்து, விடைகளை ஒப்பிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவைக் கலங்கரை விளக்கத்தின் மேலே அழைத்துச் சென்றேன். "அன்னைக்குக் கேட்டீங்களேம்மா, எவ்வளவு பெரிசுன்னு. அந்தக் கோடு வரைக்கும் இருபத்து நாலு கிலோமீட்டர்" என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு அப்புறம்?" என்றார்.

அதற்கு அப்புறமும் கடல்தான். அந்தமான் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் ஊர் திரும்பியதும் வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.